பக்கத்து இருக்கை

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வேலைக்கா பஞ்சம்?" என்றுதான் எல்லோரும் வாத்தியாரிடம் சொன்னார்கள். ஓட்டுநர் பள்ளியை இழுத்து மூடிய முதலாளியம்மா சொன்னார். பக்கத்து டயர்க் கடைக்காரர் சொன்னார். வாத்தியாரும் அதை நம்பினார். அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருந்தது. ஆனால் வாத்தியார் கடைசியாக எப்போது வண்டி ஓட்டினார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இளவயதில் லாரி ஓட்டினார். ஒரு சரக்கை இறக்கியதும் அடுத்த சரக்கு, அடுத்த ஊர் என்று போனது அந்தக் காலம். முப்பத்தொன்றில் மகள் பிறந்தாள். ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் குழந்தை வீரிட்டு அழுதது. "அழுவாம என்ன செய்யும்? யாரோ வேத்தாள் வந்திருக்காங்கன்னு நெனைக்குது" என்றாள் மனைவி. அந்த மாதமே அவர் லாரியை விட்டு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது ஓட்டுநரின் பக்கத்து இருக்கை. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். வாத்தியாரின் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருக்கும். முதல் நாள் கை பரபரத்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் அடங்கியது. மூன்றாம் நாள் பிறந்ததிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தவர் போல ஆகிவிட்டார். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் அதே இருக்கைதான். அவசரம் என்றால் பக்கவாட்டில் ஒரு கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்புவார், அவ்வளவே. காலையில் பள்ளியிலிருந்து வண்டியை எடுப்பவரும் மாணவர், மாலையில் கொண்டுவந்து நிறுத்துபவரும் மாணவர். வீட்டில் சொந்த வண்டி இல்லை. ஸ்டியரிங்கைத் தொடாமலே ஊரை ஆயிரம் முறை சுற்றியவர் என்று டயர்க் கடைக்காரர் அவரைக் கிண்டல் செய்வதுண்டு.

பள்ளி மூடிய பிறகு வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். "உங்க அனுபவம் பெரிசு சார்" என்றார்கள். அனுபவம் பெரிசு என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது இரண்டாவது பள்ளியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தலைக்குச் சாயம் பூசிக்கிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"கேக்குறது வயசை. முடியவா பாக்குறாங்க?"

"முடியப் பாத்துட்டுத்தானே வயசைக் கேக்குறாங்க."

கடைசியில் கைகொடுத்தது மாப்ளதான். மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டியவன். ஒரே கம்பெனியில் பல வருடம் சாமான்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், போன வருடம் அதை விட்டு, நோயாளிகளை வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும் கம்பெனியில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்திருந்தான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.

"ஒரு மாசம் பாப்பாங்க மாமா. அந்த ஒரு மாசத்தை மட்டும் பூப்போல ஓட்டிக் காமிச்சிட்டீங்கன்னா ஓய்வு வரைக்கும் கவலையே இல்ல. நான்தான் உங்களுக்காகப் பேசியிருக்கேன். என் பேரைக் காப்பாத்துங்க."

"என்ன மாப்ள நீ, இந்த ஊர்ல பாதிப் பேரு நான் சொல்லிக் குடுத்துத்தான் ஓட்டுறான்."

"அதான் மாமா எனக்கும் தைரியம்."

வேன் வெள்ளை நிறம். கியர் மாற்றும் வேலை இல்லை. கண்ணாடிக்கு மேலே சின்ன டப்பா ஒன்று ஒட்டியிருந்தது. வண்டி சாலைக் கோட்டையோ ஓரத்தையோ அளவுக்கு மீறி நெருங்கினால் அது 'டிங்' என்றது. ஒவ்வொரு டிங்கும் மாப்ளயின் மேசையில் இருந்த கணினிக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் நாள் காலை கம்பெனி வாசலைத் தாண்டியதும் டிங். முச்சந்தியில் டிங். முதல் பயணியான டெய்லரம்மாவை ஏற்றிக்கொண்டு அவர் தெருவை விட்டு வெளியே வருவதற்குள் இன்னும் இரண்டு. வண்டி அகலமாக இருப்பதால்தான், பழகிவிடும் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாளும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் டிங் ஒரே பக்கம்தான் கேட்டது. நடுக்கோட்டை அவர் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. சாலையின் ஓரம்தான் வண்டியைக் காந்தம் போல இழுத்தது.

வேனில் அவருடைய வழக்கமான பயணிகள் இரண்டு பேர். ஒருவர் டெய்லரம்மா. எழுபதை நெருங்குபவர். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலத் திரண்டிருக்கும். இன்னொருவர் ரேடியோக்காரர். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருடம் ஆகியும் பேச்சு மட்டும் அந்தக் கடையிலேயே இருந்தது.

"வாத்தியாரே, ஸ்டேஷன் சரியாப் பிடிக்கல. கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்பார் ரேடியோக்காரர், டிங் கேட்கும்போதெல்லாம்.

"ஓரம் அடிக்கிறது என் தொழிலுங்க. நீங்க எதுக்கு ஓரம் அடிக்கிறீங்க?" என்பார் டெய்லரம்மா.

இரண்டு பேரும் மனசார வைத ஆட்கள் இல்லை. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போடப் போகிறவர்களுக்கு வழியில் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஆனால் டெய்லரம்மாவின் பேச்சு எப்படியோ கம்பெனிக்குப் போய்விட்டது. மறு வாரம் மற்ற ஓட்டுநர்கள் வாத்தியாருக்கு 'ஓரம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தேநீர் குடிக்கும் இடத்தில் அவர் வந்தால், "ஓரம் வருது, எல்லாரும் நடுவுல நில்லுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் டம்ளரோடு நகர்வார்கள். அவர்களில் ஒருவன் அவரிடமே கற்றவன். அவன் மட்டும் சிரிக்காமல் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பான். சிரித்தவர்களை வாத்தியாரால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

மாப்ள அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினான். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். "கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. உங்க வயசுல பல பேருக்கு இவ்வளவு கிடையாது" என்றார்.

கண்ணில் கோளாறு என்றிருந்தால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். நன்றாக இருக்கிறது என்று கேட்டு மனம் இவ்வளவு இறங்கியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு முடித்த ஒன்றரை வருடத்துக்குள் இது அவளுக்கு மூன்றாவது வேலை. முதல் வேலையை மேலாளர் சரியில்லை என்று விட்டாள். இரண்டாவதை மேலாளர் ரொம்ப நல்லவர், ஆனால் வேலையில் ஒன்றும் இல்லை என்று விட்டாள். வேலை மாறுகிற ஒவ்வொரு முறையும் புதுப் பை ஒன்று வாங்குவாள். வாத்தியாருக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும், கவலையாகவும் இருக்கும்.

"அப்பா, ஞாயித்துக்கெழமை மாமா கார வாங்கிக்கலாம். நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றாள் அவள்.

ஞாயிறு பூட்டிக்கிடந்த பெரிய கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். தரையெல்லாம் வெள்ளைக் கோடுகள். வாத்தியார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், மகள் பக்கத்தில். ஒரு கோட்டை ஒட்டி நேராக ஓட்டச் சொன்னாள்.

"அப்பா, கோட்டத் தின்னுட்டீங்க."

"எங்கடி? இன்னும் ஒரு மொழம் இருக்கு."

"எறங்கிப் பாருங்க."

இறங்கிப் பார்த்தார். சக்கரம் கோட்டின் மேலேயே நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அவர் கண்ணுக்கு ஒரு முழம் இருந்தது, தரையில் ஒரு விரல் இல்லை. நாலைந்து முறை இப்படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது.

"சரி, நீ கொஞ்ச நேரம் ஓட்டு. நான் உக்கார்றேன்."

அவர் பக்கத்து இருக்கைக்கு மாறினார். மகள் வண்டியை எடுத்தாள். கோடு அவருடைய முழங்காலுக்கு நேரே வந்து, அவருக்குத் தெரிந்த இடத்தில், அவருக்குத் தெரிந்த இடைவெளியில், நூல் பிடித்தாற்போல ஓடியது. தோள் தானாகத் தளர்ந்தது. பல நாள் கழித்துச் சாலை சாலையாகத் தெரிந்தது. அந்த நிம்மதியில் அரை நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நிறுத்துடி."

"என்னப்பா?"

"என் கண்ணு இந்தச் சீட்டுலயே உக்காந்திருக்கு. ஒடம்பு மட்டும் எந்திரிச்சு அங்க போயிருக்கு." அவர் கையால் காட்டினார். "இங்கேர்ந்து ஓரம் ஒரு மொழத்துல இருந்தா சரி. அந்த ஒரு மொழத்த அங்க உக்காந்துக்கிட்டுத் தேடுறேன். அப்ப வண்டி ஏறத்தானே செய்யும்?"

மகள் முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அதான் தெரிஞ்சுபோச்சில்லப்பா. இனிமே சரி பண்ணிடலாம்."

அவள் வயதில் அதுதான் நியாயம். தவறு தெரிந்துவிட்டால் பாதி திருந்தின மாதிரி. வாத்தியாரும் மாணவர்களிடம் அதைத்தான் சொல்லிவந்தார். இப்போது மீண்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தது. எங்கே தவறு, ஏன் தவறு, எவ்வளவு தவறு என்று பாடமே எடுத்திருப்பார். வண்டியை நகர்த்தினார். ஒரு முழம் இருந்தது. இறங்கிப் பார்த்தார். சக்கரம் கோட்டின் மேல் இருந்தது.

"எங்க ஆபீஸ்ல பழகினத மறக்குறதுக்குன்னே ஒரு பயிற்சி வெச்சாங்கப்பா" என்றாள் மகள், திரும்பி வரும் வழியில்.

"என்ன பண்ணச் சொன்னாங்க?"

"பலூன் ஊதி ஒடைக்கச் சொன்னாங்க."

"ஒடைச்சியா?"

"ஒடைச்சேன். கேக் குடுத்தாங்க."

மறுநாள் அவர் ஒரு வேலை செய்தார். தடவித் தடவி ஓட்டும் மாணவர்களுக்கு அவர் வழக்கமாகச் செய்துகொடுக்கும் உபாயம் அது. வேனைச் சரியான இடத்தில் நிறுத்தி, இறங்கி அளந்து பார்த்து, மீண்டும் ஏறி உட்கார்ந்து, சாலையோரம் முன்கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே கறுப்பு டேப்பில் நகக்கண் அளவு ஒரு துண்டை ஒட்டினார். இனிக் கண்ணை நம்பவே வேண்டாம். டேப்பையும் சாலையோரத்தையும் சேர்த்து வைத்தால் போதும்.

டேப் வேலை செய்தது. டிங் குறைந்தது. மாப்ள தோளில் தட்டி, "பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன்ல" என்றான். என்ன சொன்னான் என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. தேநீர் இடத்தில் கிண்டல் சலித்துப்போய் வேறொருவன் மேல் திரும்பியது. வேனுக்குள் ரேடியோக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "இப்பல்லாம் ஸ்டேஷன் தெளிவா எடுக்குது. பேசுறதுக்கு விஷயமே இல்லாமப் போச்சு" என்றார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் இதைச் சொன்னார்.

"டேப்ப எத்தன நாளைக்கு ஒட்டி வெப்பீங்க?" என்றாள் அவள்.

"பழகுற வரைக்கும்."

"நான் நாப்பது வயசுல மருந்துக்கடை வேலைக்குப் போனேன். அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல புள்ளைங்களப் பாத்துக்கிட்டிருந்தவ. மாத்திர பேரெல்லாம் ராட்சசங்க பேரு மாதிரி இருந்துச்சு. மூணு மாசம் தெனமும் தலைகாணிக்குள்ள அழுதேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க குறட்ட விட்டுட்டிருந்தீங்க. எழுப்பி அழணுமா?" அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "மூணு மாசத்துல பழகிப்போச்சு. ஆனா எனக்கு மூணு மாசம் குடுத்தாங்க."

அவருக்கு ஒரு மாதம்தான். அதில் இரண்டு வாரம் டேப்புக்கு முன்னாலேயே போய்விட்டது.

சோதனை மாதத்தின் முடிவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வண்டியில் கூடவே போவார் என்று மாப்ள சொல்லியிருந்தான். வந்தவர் முப்பது வயதுக்காரர். கட்டம் போட்ட சட்டை. வணக்கம் சொன்ன விதத்திலேயே நல்ல பிள்ளை என்று தெரிந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நடையைத்தான் அவர் பார்ப்பதாக ஏற்பாடு. டெய்லரம்மாவும் ரேடியோக்காரரும் டயாலிசிஸ் முடிந்த அசதியில் பின்னால் சாய்ந்திருந்தார்கள். டெய்லரம்மாவின் முழங்கை மடிப்பில் வெள்ளைக் கட்டு.

அதிகாரி வாத்தியாரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"சார், இது என்ன? ஏதோ ஒட்டியிருக்கு."

"ஒண்ணுமில்ல சார். ஒரு அடையாளத்துக்கு."

"கண்ணாடில எதுவும் ஒட்டக்கூடாதுன்னு விதி இருக்கே சார். தப்பா எடுத்துக்காதீங்க." நகத்தால் சுரண்டி எடுத்து, போடுவதற்கு இடம் தேடி, கடைசியில் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அதை ஏன் ஒட்டினேன் என்று சொல்லலாமா என வாத்தியார் யோசித்தார். சொல்வதென்றால், இருபது வருடத்துக்கும் மேலாக ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த எனக்குச் சாலையோரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்று ஆரம்பிக்க வேண்டும். வண்டியை எடுத்தார்.

நேர்ச்சாலையில் சமாளித்தார். டேப் இருந்த இடத்தை நினைவில் வைத்து, காற்றில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒரு டிங் மட்டும் கேட்டது. சிரமம் எல்லாம் பக்கத்தில் இருந்த மனிதரால் வந்தது. இத்தனை நாள் அந்த இருக்கை காலியாக இருந்தது. இப்போது அங்கே ஒருவர் மடியில் கையை வைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, வாத்தியார் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். வாத்தியாரின் மனம் தன் உடம்பை விட்டு நழுவி நழுவி அவர் தோளுக்குள் போய் உட்கார்ந்தது. இழுத்து வந்தார். மறுபடி போனது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

டெய்லரம்மாவின் தெருவுக்குத் திரும்பும் வளைவில் ஓரக்கல் கொஞ்சம் உயரம். பின்சக்கரம் அதில் ஏறி, தடாலென்று இறங்கியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. சாதாரண ஆள் என்றால், "என்னய்யா" என்று சொல்லிவிட்டு மறந்திருப்பான். டெய்லரம்மாவின் கை, இருக்கையின் கைப்பிடியில் மோதியது.

"ஆத்தாடி" என்றார் அவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததுதான் வாத்தியாரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. வெள்ளைக் கட்டில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தினார். அதிகாரி அதற்குள் பெல்ட்டைக் கழற்றிப் பின்னால் தாவி, முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை வைத்து அழுத்தினார். அழுத்தமாக, நிதானமாக அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு சொட்டு போச்சு. அத்தன ரத்தத்தையும் கழுவிக் காயப்போட்டுட்டுத்தானே வர்றேன், ஒரு சொட்டுல என்ன" என்றார் டெய்லரம்மா. அவர் உதடு வெளுத்திருந்தது. ரேடியோக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இரண்டு பேரையும் இறக்கிவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பும் வழியில் வாத்தியார்தான் பேசினார்.

"சார், நான் ஒங்க எடத்துல இருந்தா இந்த ஆளுக்குப் பாஸ் போட மாட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல சார். நான் பாத்ததச் சொல்லுவேன், மேல முடிவு பண்ணுவாங்க."

"நல்லாத்தான் சார் பாத்தீங்க."

"எங்கப்பாவும் ஒங்க வயசுதான் சார்" என்றார் அதிகாரி. பிறகு, அது எதற்கும் உதவாத பேச்சு என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், தன் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

மாலையில் மாப்ள அவரைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு அவனே வந்தான். கையில் இரண்டு தேநீர்.

"மாமா."

"சொல்லு மாப்ள. சுத்தி வளைக்காத."

"என் கையில ஒண்ணும் இல்ல மாமா. ரத்தம் வந்திருச்சு. அது வராம இருந்திருந்தா இன்னொரு மாசம் கேட்டு வாங்கியிருப்பேன். நானே இங்க புதுசு. எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்க."

"ஒன்ன யாரு கொற சொன்னா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. அக்கா சொல்லுவா."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். மாப்ள காலால் தரையில் கிடந்த ஒரு நட்டைத் தள்ளிக்கொண்டே பேசினான்.

"பெரிய வேன்ல தொணையாள் வேல ஒண்ணு இருக்கு. சக்கர நாற்காலில வர்றவங்களப் பிடிச்சு ஏத்தி எறக்கணும், பெல்ட் மாட்டணும். முன்னாடி, டிரைவருக்குப் பக்கத்துலதான் சீட்டு. சம்பளம் இத விடக் கொறைச்சல்தான். மேல கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. ஆனா..."

"ஆனா என்ன?"

"நாளைக்குள்ள சொல்லணும் மாமா. வேற ஆளு கேட்டுட்டிருக்காங்க."

வாத்தியார் தேநீரைக் குடித்து முடித்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார்மீது கோபப்படுவது? மாப்ள தன்னால் ஆனதைச் செய்தான். அதிகாரி விதியைத்தான் சொன்னார். டப்பா பொய்யாக ஒரு டிங் கூட அடிக்கவில்லை. முப்பத்தொன்றில் இந்த இருக்கையிலிருந்து அந்த இருக்கைக்கு மூன்று நாளில் மாறியவர் அவர்தான். நடுவே இருப்பது ஒரு கை அகலம். அதைத் திரும்பத் தாண்ட ஒரு மாதம் போதவில்லை. இன்னொரு மாதம் போதுமா, மனைவிக்குக் கிடைத்த மூன்று மாதம் போதுமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் மகள் இருந்தாள். புதுப் பை ஒன்று மேசையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள்.

"வெளிய எடு. எந்தக் கம்பெனி?" என்றார் வாத்தியார்.

"அப்புறம் சொல்றேன்ப்பா."

"சும்மா சொல்லு. ஒருத்தருக்காவது புதுப் பை இருக்கட்டும்."

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மனைவியிடம் துணையாள் வேலையைப் பற்றிச் சொன்னார். அவள் எதிர்த்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "அதெல்லாம் வேணாம், ஒங்களுக்கென்ன தலையெழுத்தா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவள் அவருக்குச் சாப்பாடு போட்டாள். தண்ணீர் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நாற்காலியத் தூக்குறப்ப முதுகக் குனிஞ்சு தூக்காதீங்க. முட்டிய மடக்கித் தூக்குங்க. கடைக்கு முதுகு வலின்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித் தூக்கினவங்கதான்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவர் பெரிய வேனில் ஏறினார். ஓட்டுநர் ஒரு இளம்பெண். கம்பெனியில் அவளுக்குப் 'புயல்' என்று பேர். ஆனால் வண்டியைக் காற்று படாத விளக்குச் சுடர் போல ஓட்டினாள். ஆடாமல், அசையாமல். அவளிடம் சொல்லிக்கொடுக்க அவருக்கு எதுவும் இல்லை என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு நடைகளை ஒன்றாகச் சேர்த்திருந்ததால் டெய்லரம்மாவும் இந்த வண்டியில்தான். வாத்தியார் கையைப் பிடித்து ஏற்றிவிட்டபோது அவர் கட்டுப் போட்ட கையைக் கொடுக்காமல் மற்றக் கையைக் கொடுத்தார். வேண்டுமென்று செய்யவில்லை.

"என்ன வாத்தியாரே, எடம் மாறிட்டீங்களா?"

"மாறலம்மா. பழைய எடத்துக்கே வந்துட்டேன்."

"அதுவும் நல்லதுதான்" என்றார் டெய்லரம்மா. பிறகு, "நல்லதுதானே?" என்று கேட்டார். வாத்தியார் அவருடைய பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

முன்னால் போய் உட்கார்ந்தார். வண்டி சந்தடி மிகுந்த சாலையில் இறங்கியது. சாலையோரம் அவர் முழங்காலுக்கு நேரே, ஒரு முழத்தில், ஒழுங்காக ஓடிவந்தது. டப்பா ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவருடைய காலடியில் வெறும் ரப்பர் விரிப்பு. கையை வைத்துக்கொள்ள மடியைத் தவிர வேறு இடம் இல்லை.

ஆஸ்பத்திரித் தெருவில் பாதிச் சாலையை அடைத்து ஒரு லாரி நின்றிருந்தது. புயல் வேகத்தைக் குறைத்தாள். அந்தப் பக்கம் மதில், இந்தப் பக்கம் லாரி.

"அண்ணே, ஒங்க பக்கம் எடம் இருக்கா?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"இருக்கும்மா" என்றார். "ஒரு மொழம் இருக்கு. போ."